ஒரே அடி, இரண்டு நியாயம்

தொலைக்காட்சியில் எத்தனை முறை வந்தாலும் ‘சாமி’ படத்துக்கு இன்னும் ஆள் இருக்கிறது. 2003-இல் ஹரி இயக்கத்தில் விக்ரம் நடித்த அந்தப் படத்தின் களமே திருநெல்வேலிதான். துணை கமிஷனர் ஆறுச்சாமி, ஊரைக் கைக்குள் வைத்திருக்கும் பெருமாள் பிச்சையோடு மோதுகிறார். கதையை நிதானமாக நினைத்துப் பாருங்கள். ரவுடியிடம் போலீஸ் அதிகாரி பணம் வாங்குகிறார். கடைசியில் அதே ரவுடியைக் கொன்று, செங்கல் சூளையில் உடலை எரித்து, ஆள் தலைமறைவு என்று ஊரை நம்பவைக்கிறார். இவற்றை வில்லன் செய்திருந்தால் ‘அட பாவி’ என்றிருப்போம். நாயகன் செய்வதால் விசில் பறக்கிறது. செயல் ஒன்றுதான், செய்கிறவர் நம்மாளா, எதிராளியா என்பதைப் பொறுத்து நம் தீர்ப்பு மாறிவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு உறுத்தாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. வில்லன் செய்த கொலையையும் கொள்ளையையும் கேமரா நமக்கு முன்பே காட்டிவிடுகிறது. நாமே நேரில் பார்த்த சாட்சிகள் ஆகிவிடுகிறோம். அதன்பின் விசாரணை எதற்கு, கோர்ட் எதற்கு என்று தோன்றுவது இயல்பு. படத்தில் நாயகனின் கை ஒருபோதும் தப்பான ஆள்மேல் விழுவதில்லை. நிஜ போலீஸ் ஸ்டேஷனில் அப்படி முன்கூட்டியே எல்லாம் பார்த்த சாட்சி யாரும் கிடையாது. அங்கே இருப்பது சந்தேகமும், புகாரும், சில நேரம் வெறும் கோபமும்தான்.

அந்த வித்தியாசத்தைத் தாமிரபரணிக்குத் தெற்கே உள்ள சாத்தான்குளம் கொடூரமாகக் காட்டியது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, செல்போன் கடை நடத்திய ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்தது. நாலு நாளுக்குள் இருவருமே உயிரோடு இல்லை. தமிழ்நாடு கொதித்தது. அப்போது இயக்குநர் ஹரி வெளிப்படையாகவே ஓர் அறிக்கை விட்டார்: காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக இன்று வேதனைப்படுகிறேன் என்றார். ‘சாமி’ இரண்டு பாகம், ‘சிங்கம்’ மூன்று பாகம். அதைச் சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது. விசில் அடித்த நாம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். சாத்தான்குளத்துக்கு ஆறரை மாதம் முன்பு, 2019 டிசம்பரில், ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரை போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் பூத்தூவிக் கொண்டாடினார்கள். நாடெங்கும் பாராட்டு குவிந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள், இறந்தவர்களில் மூவர் சிறார்கள், சம்பந்தப்பட்ட போலீஸாரைக் கொலை வழக்கில் விசாரிக்க வேண்டும் என்றது அறிக்கை. இறந்தவர்கள் கெட்டவர்கள் என்று தோன்றினால் பூ, நல்லவர்கள் என்று தெரிந்தால் கண்ணீர் என்று இருந்தால், காக்கிச் சட்டைக்குக் கடிவாளம் எங்கிருந்து வரும்?

‘சினிமாவா போலீஸுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களின் ஊர்வலம் தடியடியில் சிதறி, தாமிரபரணியில் 17 பேர் மாண்டது 1999 ஜூலை 23-இல். ‘சாமி’ வெளிவந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. லத்தி சினிமாவைவிடப் பழையது. ஆனால் சினிமா வேலை செய்வது லத்தி பிடித்தவரிடம் அல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் நம்மிடம். ‘அடி வாங்கினான் என்றால் ஏதாவது செய்திருப்பான்’ என்று நம்மைக் கேள்வி கேட்காமல் இருக்கப் பழக்குகிறது. இன்னொரு வாதமும் உண்டு: வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கிறது, பணக்காரன் தப்பிவிடுகிறான், குறுக்குவழி தவிர வேறென்ன வழி? கோபம் சரிதான். ஆனால் நிஜப் பெருமாள் பிச்சைகளுக்கு வக்கீல் உண்டு, ஜாமீன் உண்டு, மேலிடத்தில் ஆள் உண்டு. குறுக்குவழியில் மாட்டுபவர்கள் பெரும்பாலும் இவை எதுவும் இல்லாதவர்கள்.

நாயகனைக் கேள்வி கேட்பது நமக்குப் புதிதும் இல்லை. கம்பன் வாலியை ராமனுடைய அம்பில் சாகவிட்டான். ஆனால் சாகுமுன், மறைந்து நின்று எய்தது என்ன அறம் என்று முகத்துக்கு நேரே கேட்கவும் விட்டான். ராமனைத் தெய்வமாகக் கும்பிடும் ஊரிலேயே பட்டிமன்றங்கள் இன்றைக்கும் அந்தக் கேள்வியை விவாதிக்கின்றன. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், தமிழறிஞர் டி.கே.சி. வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ இலக்கியக் கூட்டத்தில் கம்பனை ரசித்த மண் இது. சிலப்பதிகாரமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லவைத்த பாண்டியன், உண்மை தெரிந்ததும் தன்மேலேயே தீர்ப்பு சொல்லி உயிர் விடுகிறான். அவன் எதிரிக்கு வைத்த அளவுகோலைத் தனக்கும் வைத்தான்.

அப்படி ஒருவர் சாத்தான்குளத்திலும் இருந்தார். அன்று இரவு ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், கூட வேலை பார்ப்பவர்களுக்கு எதிராகவே மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேஜையிலும் ரத்தம் இருந்ததையும் சொன்னார். நம் ஆட்கள் என்று அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. சினிமாவுக்கு இந்தத் துணிச்சலைக் காட்டத் தெரியாது என்பதும் இல்லை: ‘சிங்கம்’ படங்களில் போலீஸ் அதிகாரி துரைசிங்கமாக வந்த அதே சூர்யாதான் 2021-இல் ‘ஜெய் பீம்’ படத்தில் லாக்கப் மரணத்துக்கு நீதி கேட்கும் வக்கீலாக வந்தார்; அதையும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். இனி நாயகன் லத்தியை ஓங்கும்போது, இதையே வில்லன் செய்தால் ஒப்புவோமா என்று வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற நாம்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியோடு வளரும் பிள்ளை நாளைக்குக் காக்கி போட்டாலும், பக்கத்து வீட்டுக்காரனாக நின்று பார்த்தாலும், அடிபடுகிறவன் யார் என்று பார்த்து நியாயத்தை மாற்றிக்கொள்ளாது.