கூண்டுக்கு வெளியே – 9: பாம்பு வீட்டில்தான் இருக்கிறது

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு மீன்காட்சியகமும் உண்டு. 2022 அக்டோபரில் அங்கே புதிதாக ஒரு ராஜநாகம் வந்தது. 2 மீட்டருக்கு மேல் நீளம். வந்த சில நாட்களிலேயே, கூண்டின் மேற்பக்கம் விளக்கு பொருத்தியிருந்த இடுக்கு வழியாகக் கம்பி நீட்டிவிட்டது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாது. அங்கே முன்பு இருந்தது பழைய ரக பல்பு. எரியும்போது கொதிக்கும், பாம்பு கிட்டே போகாது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவோம் என்று புது ரக பல்பை மாட்டினார்கள். அது சுடவில்லை. சுடாத விளக்கின் ஓரமாகத் தலையை நுழைத்துப் பார்த்தது பாம்பு. தலை போனது, பின்னாலேயே உடம்பும் போனது.

மக்கள் நடமாட்டத்தை நிறுத்தினார்கள். எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்து சுவர்களுக்கு நடுவே தேடினார்கள். ஒரு வாரம் ஓடியது. கடைசியில் யாரும் பிடிக்கவில்லை. பாம்பே கூண்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அதற்குள், கட்டிலிருந்து தப்பிப்பதில் பேர்போன மாயவித்தைக்காரரின் நினைவாக, ‘ஹௌடினி’ என்று அதற்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது.

2011 மார்ச்சில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். எகிப்திய நாகக் குட்டி ஒன்று காணாமல் போனது. ஊர் பதறியது. அந்தப் பாம்பின் பெயரில் யாரோ தொடங்கிய ட்விட்டர் கணக்கை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்தொடர்ந்தார்கள். நாகம் நியூயார்க்கைச் சுற்றிப் பார்ப்பதாக அதில் ஒரே கலாட்டா. நாகம் எங்கும் சுற்றவில்லை. ஒரு வாரம் கழித்து அதே பாம்புக் கட்டடத்தின் இருட்டு மூலையில் சுருண்டு கிடந்தது.

இரண்டும் பெரிய நிறுவனங்கள். ஆளும் அம்பும் உண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டில் ஒற்றைப் பாம்பு வளர்ப்பவர் என்ன செய்வார்? அங்கே அதிகம் வளர்க்கப்படுபவை கார்ன் ஸ்நேக்கும் பால் பைத்தானும். இரண்டுக்கும் விஷம் கிடையாது. கார்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. ஆரஞ்சும் சிவப்புமாக, 3 முதல் 5 அடி வரை வளரும். தப்பிப்பதில் அதுதான் சூரன். குட்டியாக இருக்கும்போது பென்சில் கனம்தான். தலை நுழைகிற சந்து கிடைத்தால் போதும். மூடியை மேலோட்டமாக வைத்துவிட்டுத் தூங்கப் போனவருக்குக் காலையில் வெறும் கூண்டுதான்.

முதல் பதற்றத்தில் எல்லோரும் தோட்டத்துக்கு ஓடுவார்கள். வீண் வேலை. பாம்புக்கு வெளியூர் போகும் உத்தேசம் எதுவும் கிடையாது. அதன் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். ஆகவே அது தேடுவது கதகதப்பு, இருட்டு, உடம்பை நெருக்கிப் பிடிக்கும் இடுக்கு. இந்த மூன்றும் வீட்டுக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஃபிரிட்ஜின் பின்னால் கம்ப்ரசர் பக்கம். வாஷிங் மெஷினுக்கு அடியில். வெந்நீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையில். சோபாவின் அடித்துணி கிழிந்திருந்தால் அதற்குள். இந்தச் சோபா விஷயத்தில் கவனம் வேண்டும்: சாய்ந்து விரியும் ரகமாக இருந்தால், பாம்பு கிடைக்கும்வரை அதில் யாரும் உட்காரக் கூடாது, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் நசுக்கிவிடும். அடுப்பையும் வாஷிங் மெஷினையும் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்காமல் இயக்கக் கூடாது.

கூண்டு இருந்த அறையிலிருந்தே தேடலைத் தொடங்குவார்கள். கதவைச் சாத்தி, கீழ்ச்சந்தில் துண்டைச் சுருட்டி வைத்து, ஓர் அறையை முழுதாகப் பார்த்து முடித்த பிறகே அடுத்த அறை. பால் பைத்தான் பெரும்பாலும் தரையோடு தரையாகக் கிடக்கும். கார்ன் ஸ்நேக் மரமேறி. புத்தக அலமாரியின் மேல்தட்டு, திரைச்சீலைக் கம்பி என்று அண்ணாந்தும் பார்க்க வேண்டும்.

பகலில் கிடைக்காவிட்டால் ராத்திரி வேலை. இந்தப் பாம்புகள் இருட்டிய பிறகே நடமாடும். நடமாடும்போதும் அறையின் நடுவே வராது, சுவரை ஒட்டியே போகும். அதனால் சுவரோரம் நெடுக, கசக்கினால் சரசரக்கும் பிளாஸ்டிக் பைகளைப் பரப்பி வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, டிவியை நிறுத்தி, காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். வாசற்படிகளில் மைதா மாவை மெல்லிய கோலப்பொடிபோலத் தூவி வைப்பதும் உண்டு. காலையில் மாவின் குறுக்கே வளைந்த தடம் ஒன்று இருந்தால், எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். வீட்டைக் குளிரவிட்டு, ஒரே ஒரு மூலையில் சூடேற்றும் விரிப்பும் அதன்மேல் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியும், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைப்பது இன்னொரு வழி. என்னைக் கேட்டால் இதுதான் ஆகச் சிறந்தது. தேடி அலைவதைவிட, வரவழைப்பது மேல். ஸ்டாக்ஹோம் ராஜநாகமும் தானாகத்தானே வந்தது.

எலிக்கு வைக்கும் பசை அட்டையை மட்டும் வைக்கவே கூடாது. செதில் பிய்ந்துவிடும். தப்பித் தவறி ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் சமையல் எண்ணெயைத் தடவித் தடவித்தான் விடுவிக்க வேண்டும்.

சில வாரங்கள் ஆகியும் கிடைக்கவில்லை என்றால்கூடக் கைவிடத் தேவையில்லை. நன்றாக வளர்ந்த பாம்பு பல வாரம் சாப்பிடாமல் தாங்கும். தாகம்தான் முந்தும், குளியலறையில் கிடைத்த கதைகள் அதனால்தான் அதிகம். கிடைத்ததும் இரை போட்டுவிடக் கூடாது. உடம்பு குளிர்ந்திருந்தால் செரிக்காமல் கக்கிவிடும். முதலில் தண்ணீரும் சூடும், இரை அப்புறம்.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் விஷமில்லாத, கைக்கடக்கமான பாம்புகளுக்கு. 2013 ஆகஸ்டில் கனடாவின் கேம்பெல்டன் ஊரில், செல்லப்பிராணிக் கடைக்கு மேலிருந்த வீட்டில் 4 மீட்டருக்கு மேல் நீளமான ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று, காற்றுக்குழாய் வழியாகக் கூண்டைவிட்டு வெளியேறித் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது. அங்கேயும் பாம்பு வீட்டைத் தாண்டவில்லை. அவ்வளவு பெரிய பாம்பைக் குழந்தைகள் தூங்கும் வீட்டில் வைத்திருந்ததை எந்த ஆர்வத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

நம் ஊருக்கும் இந்த மோகம் வந்துவிட்டது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் துணிப்பையில் சுற்றிய பால் பைத்தான்களைச் சுங்கத்துறையினர் பிடிப்பது அடிக்கடி வரும் செய்தி. இந்தியாவில் நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பாம்பை வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வாசகர்களுக்கு ஒன்று: மேலே சொன்ன மாவும் பிளாஸ்டிக் பையும் நம் வீடுகளுக்கு ஆகாது. இங்கே வீட்டுக்குள் தென்படும் பாம்பு யாருடைய செல்லப்பிராணியும் அல்ல. நல்ல பாம்பாகவோ கட்டுவிரியனாகவோ இருக்கலாம். அதைத் தேடவோ பிடிக்கவோ போகாதீர்கள். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, தள்ளி நின்று, தீயணைப்புத் துறையின் 101-ஐ அழையுங்கள்.

(தொடரும்)