நாயின் காது நாறுகிறதா? விரட்டிவிடாதீர்கள்!

பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் காவலுக்கு நாய் வளர்த்துப் பழகியவர்கள் நாம். லயத்துக்கு லயம் நாய் இருந்தது. பிறை வட்டாரத்தில் 1970-களில் தொழிற்பேட்டைகள் எழும்பி, தோட்டங்களும் ஒவ்வொன்றாகக் கைமாறி, நம்மவர் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தார்கள். நாயும் கூடவே வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். லயத்து நாய்க்குக் காது நாறினால் அது காற்றோடு போய்விடும். வரிசை வீட்டில் கதவைச் சாத்தினால் வீடே நாறும். "என்னாங்க இது, சீழு வடியுது, புள்ளைங்க தொட்டு விளையாடுது. கொண்டு போயி எங்கயாச்சும் விட்டுட்டு வாங்க!" என்று வீட்டில் பேச்சு ஆரம்பமாகிவிடும்.

அப்படி விடப்படும் நாயின் கதி நமக்குத் தெரியாததல்ல. 2015-இல் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் வெறிநாய் நோய் கண்டபோது, பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு பிறந்தது. எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது. அன்றைக்குத் தெருவில் திரிந்தவற்றில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் சோறு தின்று வளர்ந்தவை இல்லாமலா இருந்திருக்கும்?

காதுச் சீழுக்கும் வெறிநோய்க்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளைகளுக்கு அது தொற்றுவதும் மிக அரிது. நாயைத் தொட்டபின் சவுக்காரம் போட்டுக் கை கழுவினால் போதும். தொடக்கத்திலேயே கவனித்தால் செலவும் அதிகமில்லை.

ஏன் வருகிறது?

நாயின் காதுக் குழாய் நம்முடையதைப் போல நேராக உள்ளே போவதில்லை. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்புகிறது. 'ட' என்ற எழுத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. நம்மூர் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். காது மடிந்து தொங்கும் சாதியாக இருந்தால் காற்றும் புகாது. வாய்க்காலிலும் ஆற்றிலும் இறங்கிப் புரளும் நாய்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

காதில் இருப்பது என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்தே ஊகிக்கலாம். காப்பித் தூள் கொட்டினாற்போல் கறுப்பாக, உதிரியாக இருந்தால் காதுப் பேன் இருக்கக்கூடும். இது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி. வீட்டுப் பூனையிடமிருந்தும் வரும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பூனையை விட்டுவிட்டால் பயனில்லை. பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று, புளித்த வாடை அடித்தால் பெரும்பாலும் பூஞ்சை. மஞ்சளாக, பச்சையாகச் சீழ் வந்து, தொட்டாலே நாய் கத்தினால் அது நுண்கிருமி வேலை. மருந்து போட்டு ஆறி, மறுபடி மறுபடி வருகிறதென்றால் தோல் ஒவ்வாமை அடியில் இருக்கலாம். அதைப் பார்க்காமல் காதை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் காசுதான் கரையும்.

ஆனால் ஊகம் ஊகம்தான். பேன் மருந்து பூஞ்சைக்குக் கேட்காது, பூஞ்சை மருந்து பேனுக்குக் கேட்காது. கால்நடை மருத்துவர் அழுக்கைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்நோக்கியில் பார்த்தால் சில நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். அந்தப் பரிசோதனையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டுக் கடைக்குக் கடை சின்னச் சின்னப் புட்டியாக வாங்கி ஊற்றுகிறவர்கள் கடைசியில் கூட்டிப் பார்த்தால், ஒரு தடவை மருத்துவரைப் பார்க்கும் செலவைத் தாண்டியிருப்பார்கள். நாயும் குணமாகியிருக்காது.

கை வைத்தியம் எதுவரை?

மண்ணெண்ணெய், டீசல், கற்பூர எண்ணெய், பூண்டு போட்டுக் காய்ச்சிய சூடான எண்ணெய் - தோட்டத்தில் இவையெல்லாம் நடந்தவைதான். தயவுசெய்து நிறுத்துங்கள். புண்ணான தோலில் இவை நெருப்பு. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் குத்துமதிப்பாக நாய்க்குப் போடுவதும் ஆபத்து. அளவு மீறினால் நரம்பைத் தாக்கும், உயிரும் போகலாம். மனிதர்க்கான காதுச் சொட்டு மருந்தும் வேண்டாம். காதுச் சவ்வு கிழிந்திருக்கும்போது சில மருந்துகள் உள்ளே இறங்கினால் நாய் செவிடாகிவிடும்.

புண் இல்லாத, சாதாரண அழுக்குக் காதை வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, முக்கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வெதுவெதுப்பாக ஆற விடுங்கள். காது மடலைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் ஊற்றி, காதின் அடிப்பக்கத்தை அரை நிமிடம் மெல்லப் பிசையுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், நாய் தலையை உதறும், சட்டையெல்லாம் தெறிக்கும்! வெளியே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்து, ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடக் கூடாது; அழுக்கை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுவதுதான் அது செய்யும் வேலை. உப்புத் தண்ணீரை அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். சுத்தமான காதைத் தினமும் கழுவி நனைத்துக்கொண்டே இருப்பதும் தப்பு.

சீழ், இரத்தம், கடும் வலி, தலை ஒரு பக்கம் சாய்தல், நடையில் தள்ளாட்டம் - இவற்றில் ஒன்று கண்டாலும் காதுக்குள் எதையும் ஊற்றாமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். ஓயாமல் தலையை உதறி, காது மடல் பலூன் மாதிரி வீங்கினால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அறுவை தேவைப்படலாம். செலவும் பல மடங்காகும்.

கையில் காசு குறைவு என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதில் வெட்கமென்ன? விலை குறைந்த மருந்து இருந்தால் அதை எழுதித் தரச் சொல்லலாம். வட்டாரக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்திலும், தீவில் ஜெலுத்தோங்கில் இருக்கும் எஸ்.பி.சி.ஏ. சங்கத்திலும் கட்டணம் என்ன என்று விசாரித்துப் பார்க்கலாம். மருத்துவர் பத்து நாள் மருந்து கொடுத்தால் பத்து நாளும் போடுங்கள். நான்காம் நாளே நாற்றம் போய்விடும். "ஆயிருச்சு" என்று நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி பலத்தோடு திரும்பி வரும், அடுத்த முறை அதே மருந்துக்கு அடங்காது.

மற்றபடி, குளிப்பாட்டும்போது காது வாயில் பஞ்சு வையுங்கள், முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்றே வைத்துக்கொள்வோம், காதைத் திருப்பிப் பார்த்து முகர்ந்து பாருங்கள். உண்ணி இருந்தால் எடுத்துப் போடுங்கள். இந்த வேலைக்குப் பெரியவர்களை விடப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் உண்ணி மாத்திரைகளில் சில காதுப் பேனையும் ஒழிக்கும். வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.