சும்மா இருங்க ஸார், பார்க்கலாம்!

‘சௌக்கியமா?’ என்று கேட்டால் ஒரு காலத்தில் ‘ஏதோ ஓடுது’ என்பார்கள். இப்போது அதே கேள்விக்கு வேறு பதில். ‘பயங்கர பிஸி ஸார்!’

அப்படிச் சொல்கிறவர் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பல்வலிக்காரர் முகமாகவா இருக்கிறது? ஊஹும். இன்கிரிமென்ட் வாங்கினவர் முகம்! புகார் மாதிரி ஆரம்பித்து, பெருமையில் போய் முடியும்.

என் ரயில் சிநேகிதர் ஒருவர் இந்த ரகம். தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். தாம்பரத்தில் ஏறியதும் செல்போனை எடுத்து மெயில் பார்ப்பார். பரங்கிமலையில் பதில் போடுவார். கோட்டையில் இறங்குவதற்குள் அதே மெயிலை இன்னும் நாலு தடவை பார்த்துவிடுவார்.

“கொஞ்ச நேரம் ஜன்னல் வழியா வேடிக்கை பாருங்களேன்” என்றேன் ஒரு நாள்.

“சும்மா உட்கார்ந்தா பைத்தியம் பிடிச்சுடும் போலிருக்கு ஸார்.”

ஜோக்கடிக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அதை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. ஆட்களை ஒவ்வொருவராக ஒரு காலி அறையில் 15 நிமிஷம் உட்காரச் சொன்னார்கள். போன் கிடையாது, பேப்பர் கிடையாது. பக்கத்தில் ஒரு பட்டன் மட்டும். அழுத்தினால் ஷாக் அடிக்கும்! ‘காசு கொடுத்தாவது இந்த ஷாக்கைத் தவிர்ப்பேன்’ என்று ஏற்கெனவே சொன்ன ஆசாமிகள்தான் எல்லாரும். கடைசியில் என்ன ஆச்சு? 18 ஆண்களில் 12 பேர் தாங்களாகவே பட்டனை அழுத்தி ஷாக் வாங்கிக்கொண்டார்கள். 24 பெண்களில் 6 பேர். சும்மா இருப்பதைவிட ஷாக் தேவலை என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள், மகானுபாவர்கள்!

இதற்கு நாலு வருஷம் முன்னால், 2010-ல், கிறிஸ்டோபர் ஸீ என்ற பேராசிரியரும் சகாக்களும் இன்னொரு வேலை செய்தார்கள். மாணவர்களிடம் ஒரு படிவத்தைப் பூர்த்தி பண்ணச் சொன்னார்கள். அடுத்த படிவம் வர 15 நிமிஷம் ஆகும். முதல் படிவத்தைப் பக்கத்திலேயே கொடுத்துவிட்டு சும்மா காத்திருக்கலாம். அல்லது தூரத்தில் இருக்கும் இடத்துக்கு நடந்து போய்க் கொடுத்துவிட்டு வரலாம். எங்கே கொடுத்தாலும் ஒரு சாக்லேட் உண்டு.

இரண்டு இடத்திலும் ஒரே சாக்லேட் என்றபோது பெரும்பாலோர் நகரவில்லை. ‘அங்கே வேறு தினுசு சாக்லேட்’ என்றதும் நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். எந்த இடத்தில் எந்தச் சாக்லேட் என்பதை மாற்றி மாற்றி வைத்தார்கள். எனவே ருசி காரணமில்லை. நடக்க ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்! நடந்துவிட்டு வந்தவர்கள்தான் அதிக சந்தோஷமாக இருந்தார்கள். வேறு வழியில்லாமல் நடக்க வைக்கப்பட்டவர்கள்கூட, உட்கார வைக்கப்பட்டவர்களைவிட உற்சாகமாக இருந்தார்களாம்.

ஆக, பிஸியாக இருப்பது பாவமில்லை. மனசுக்கு அது ஒரு டானிக். ஆனால் டானிக்கை யாராவது அண்டா அண்டாவாகக் குடிப்பார்களா?

குடிக்கிறோமே! காரணம், கௌரவம். ‘ஓய்வே கிடையாது’ என்கிறவரை அமெரிக்கர்கள் பெரிய மனுஷன் என்று மதிக்கிறார்கள் என்கிறது 2017-ல் வெளியான ஓர் ஆய்வு. இத்தாலிக்காரர்களிடம் கேட்டால் தலைகீழ். நிறைய ஓய்வு இருக்கிறவர்தான் அங்கே பெரிய மனுஷன். நம்ம ஆஃபீஸில்? ஆறு மணிக்குப் பையைத் தூக்குகிறவரை நாம் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது இத்தாலிப் பார்வை இல்லை.

இந்தக் கௌரவத்துக்கு விலையும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்குப் போட்டன. வாரத்துக்கு 35-லிருந்து 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவிகிதம் அதிகம்.

உடம்புக்கு வருவதை இப்படிச் சதவிகிதத்தில் சொல்லிவிடலாம். மனசுக்கு வருவதை? ரயில் சிநேகிதரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

கும்பகோணத்திலிருந்து தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அவருக்கு அப்பாவின் போன் வரும். தினமும் ஒரே பதில். ‘வேலையா இருக்கேம்ப்பா, அப்புறம் பேசறேன்.’

ஒரு நாள் அவர் ஆஃபீஸில் கம்ப்யூட்டர் மொத்தமும் படுத்துவிட்டது. பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை வேலையே இல்லை.

“மூணு மணி நேரம் ஸார்! அப்பாகிட்ட பேசியிருக்கலாம். நான் என்ன பண்ணேன் தெரியுமா? மேஜை டிராயரைச் சுத்தம் பண்ணேன். குண்டூசி தனியா, ஜெம் கிளிப் தனியா பிரிச்சு டப்பாவில போட்டேன்!”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பல்லாவரம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

“அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. போன் பண்ணா அப்பா அம்மாவைப் பத்திப் பேசுவாரு. எனக்கு அதுக்குத் தைரியமில்லே.”

சுருக்கென்றது. மூச்சுவிட நேரமில்லாத மனுஷர் என்று நினைத்தேனே! ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேடியிருக்கிறார். மெயிலும் மீட்டிங்கும் கதவு. குண்டூசி டப்பா தாழ்ப்பாள்.

நான் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. அன்றைக்கு ராத்திரி அவராகவே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

“அப்பா என்ன சொன்னார்?” என்றேன் மறுநாள்.

“ ‘நான் மட்டும் சும்மாவா இருக்கேன்? உங்கம்மா வெச்ச செடிக்கெல்லாம் ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தறேன். வேலை சரியா இருக்குடா’ன்னாரு ஸார். அப்புறம் முக்கால் மணி நேரம் அம்மாவைப் பத்தியேதான் பேசினோம்.”

அப்பாவும் பிஸி, பிள்ளையும் பிஸி. ஆனால் ஒருவர் தன் துக்கத்துக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்கிறார். இன்னொருவர் அதைப் பார்க்காமல் இருக்க வேலை செய்தார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் செய்கிறவருக்குத்தான் தெரியும்.

எனவே அடுத்த தடவை ‘பயங்கர பிஸி’ என்று சொல்ல வாய் வரும்போது, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற வேலையை யாராவது பிடுங்கிக்கொண்டால், முதலில் எது ஞாபகத்துக்கு வரும்? ‘அப்பாடா, காபி சாப்பிடலாம்’ என்று தோன்றினால் கவலையில்லை. உழைக்கிறீர்கள், உழையுங்கள். பார்க்காமல் தள்ளிப்போட்ட ஒரு முகமோ, பிரிக்காத ஒரு மெடிக்கல் ரிப்போர்ட்டோ ஞாபகம் வந்தால், செய்ய வேண்டிய வேலை அதுதான். மற்றதெல்லாம் குண்டூசி.

இதை எழுதி முடித்துவிட்டு என் மேஜை டிராயரைத் திறந்தேன்.

ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. அதுதான் யோசனையாக இருக்கிறது!