நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லலாமா?

“அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்.” திசுப் பரிசோதனையின் முடிவு வரும் நாளில் புற்றுநோய்ப் பிரிவில் அடிக்கடி எழும் வேண்டுகோள் இது. அன்பினால் பிறப்பது, ஆதலால் மறுப்பதும் எளிதன்று.

அறவியல் அறிஞர்கள் இவ்வினாவுக்கு ஒரே விடை தரவில்லை. ஓர் உயிரைக் காப்பதற்காகச் சொல்லும் பொய்யையும், 1797-இல் எழுதிய கட்டுரையில் ஜெர்மானிய அறிஞர் காண்ட் ஏற்கவில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் போன்றோரோ விளைவைக் கொண்டே செயலை எடைபோட வேண்டும் என்றனர். குடும்பத்தினர் தம்மையறியாமல் பின்பற்றுவது இந்த இரண்டாம் வழியை. ஆனால் கணக்கைப் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றனர். முதல் நாள் அதிர்ச்சி தவிர்க்கப்படுகிறது என்பது உண்மையே. அடுத்த மாதம்? கீமோதெரபியால் முடி உதிரும்போது ‘வெறும் வயிற்றுப்புண்’ என்ற விளக்கம் நிற்காது. பக்கத்துப் படுக்கைக்காரரே சொல்லிவிடக்கூடும். வீட்டார் மறைத்தனர் என்று அறிந்தவர், பின்னர் அவர்கள் கூறும் ஆறுதலையும் ஐயத்துடனேயே கேட்பார். எழுத வேண்டிய உயிலுக்கும், தொலைவிலுள்ள மகளை வரவழைப்பதற்கும் உரிய காலம் கழிந்திருக்கும்.

மருத்துவர்களும் ஒரு காலத்தில் மறைத்தவர்களே. 1961-இல் சிகாகோவில் மருத்துவர்களிடம் கேட்டபோது, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயைச் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979-இல் வேறோர் அமெரிக்க மருத்துவமனையில் 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினர். நம் நாட்டில், சுயநினைவும் முடிவெடுக்கும் திறனும் உடைய வயதுவந்த நோயாளியின் ஒப்புதலை உறவினர் தர இயலாது என்பதை 2008-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தெளிவாக்கியது. நோய் இன்னதென்று அறியாதவர் இடும் கையொப்பத்தை ஒப்புதல் என்று எவ்வாறு கொள்வது?

அதற்காக, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதும் கடமையன்று. அறியும் உரிமையுள்ளவருக்கு அறியாதிருக்கும் உரிமையும் உண்டு. எனவே, “முடிவை விரிவாக அறிய விரும்புகிறீர்களா, வீட்டாரிடம் பேசட்டுமா?” என்று நோயாளியையே முதலில் கேட்கலாம். “பையனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்” என்பவரும் உண்டு. அது அவரே எடுத்த முடிவு. சில வாரங்களில் அது மாறவும் கூடும் என்பதால் மீண்டும் கேட்க வேண்டும்.

குடும்பத்தினர் எங்களுக்குப் பேருதவி செய்யலாம். அவருடைய இயல்பு, நோயைப் பற்றி அவர் கொண்டுள்ள எண்ணம், அவருக்குள்ள அச்சம் ஆகியவற்றை முன்னரே தெரிவியுங்கள். நாங்கள் பேசும்போது அருகில் இருங்கள். சற்று அவகாசம் வேண்டுமெனில் அதையும் கேளுங்கள், தருவோம். ஆனால் அவரே எங்களை நேரில் கேட்டால் பொய் கூற மாட்டோம். அதை இப்போதே உங்களிடம் தெரிவித்துவிடுகிறோம்.