வீட்டில் நகையை உரசிப் பார்க்கலாமா?

பவுன் விலை ஏற ஏற, பீரோவில் இருக்கும் நகையின் மாற்றைப் பற்றிய சந்தேகமும் கூடவே ஏறுகிறது. பாட்டி கொடுத்த சங்கிலி, சீட்டுப் போட்டு வாங்கிய வளையல், அடகிலிருந்து மீட்ட ஆரம் எல்லாம் நிஜமாகவே 22 காரட்தானா? இதற்கு விடை சொல்வதாக ஆன்லைனில் ஒரு சிறு பெட்டி விற்கிறது. உள்ளே ஒரு கறுப்புக் கல்லும், காரட் எண் ஒட்டிய சில ஆசிட் குப்பிகளும் இருக்கும்.

முறை மிகப் பழையது. உரைகல்லில் பொன்னை உரசிப் பார்ப்பதையும், அதில் நடக்கும் ஏமாற்று வேலைகளையும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே பேசுகிறது. பத்தர் பட்டறையிலும் அடகுக் கடையிலும் வங்கியின் நகை மதிப்பீட்டாளர் மேசையிலும் அந்தக் கல் இன்றும் இருக்கிறது.

கல்லில் நகையை உரசினால் மெல்லிய மஞ்சள் கோடு விழும். அதன்மேல் ஆசிட் சொட்டு விடுவார்கள். நைட்ரிக் அமிலம் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. பித்தளைக் கோடு என்றால் பச்சையாகப் பொங்கி மறைந்துவிடும். 18, 22 காரட்டைச் சோதிக்க நைட்ரிக் மட்டும் போதாது. அதனுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர வேண்டும். குப்பியில் எழுதிய காரட்டுக்குக் குறைவான தங்கம் என்றால் கோடு மங்கும். சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் நிற்கும்.

இந்த இரண்டு அமிலங்களும் ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் கலந்தால் இராஜ திராவகம். சொக்கத்தங்கத்தையே கரைக்கும் கலவை அது. 1940-ல் நாஜிப் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, ஜெர்மானிய விஞ்ஞானிகள் மாக்ஸ் ஃபான் லாவ், ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரும் பாதுகாப்புக்காக அங்குள்ள ஆய்வகத்தில் ஒப்படைத்திருந்த நோபல் பதக்கங்களை வேதியியலாளர் ஜார்ஜ் டி ஹெவெஷி இதில்தான் கரைத்து மறைத்தார். போர் முடிந்தபின் அந்தக் கரைசலிலிருந்து தங்கம் மீட்கப்பட்டு, பதக்கங்கள் மீண்டும் வார்க்கப்பட்டன. நம் ஊரில் இதே திராவகத்தை ‘நகைக்கு பாலிஷ் போடுகிறோம்’ என்று வீடு தேடி வருபவர்கள் பயன்படுத்துகிறார்கள். நகை பளபளவென்று திரும்பி வரும், எடை குறைந்திருக்கும்.

எது தெரியும், எது தெரியாது?

கவரிங்கா, தங்கமா என்ற கேள்விக்கு இந்தப் பெட்டி ஓரளவு விடை தரும். அதிலும் மேலோட்டமாக உரசினால் முலாம் மட்டுமே கல்லில் படியும். உள்ளே செம்பு இருப்பது தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் அரத்தால் சிறிது கீறிவிட்டு உரசுகிறார்கள்.

ஆனால், குடும்பங்களின் உண்மையான கேள்வி 22 காரட்டா, 20 காரட்டா என்பது. ஐந்து பவுன், அதாவது 40 கிராம் சங்கிலி 22 காரட் என்றால் அதில் 36.67 கிராம் சுத்தத் தங்கம் இருக்க வேண்டும். 20 காரட் என்றால் 33.33 கிராம்தான். இடையில் காணாமல் போவது மூன்று கிராமுக்கும் மேல். இந்த வித்தியாசத்தைக் கோட்டின் நிறத்தில் பிடிக்க, மாற்றுத் தெரிந்த ஊசியைப் பக்கத்தில் உரசி ஒப்பிட வேண்டும். பல வருடம் பழகிய கண்ணும் வேண்டும். முதல்முறை கல்லைத் தொடுபவருக்கு அது சாத்தியமில்லை.

ஆபத்தும் சிறியதல்ல. நைட்ரிக் பட்ட தோல் மஞ்சளாகி வெந்துபோகும். செம்புடன் சேரும்போது எழும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைச் சுவாசித்தால் பல மணி நேரம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கோக்கலாம். அடையாளத்தைப் பதிவு செய்யாமல் ஆசிட் விற்கக் கூடாது, 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட பொருளைக் குழந்தைகள் நடமாடும் வீட்டின் சமையல் மேடையில் திறந்து வைப்பது சரியல்ல.

200 ரூபாயில் விடை

நகைகளுக்கு ஹால்மார்க் என்ற தூய்மை முத்திரை 2021 ஜூனில் தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எச்யுஐடி எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்க முடியாது. எண்ணும் எழுத்தும் கலந்த அந்தக் குறியீட்டை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால், எந்த மையத்தில் சோதித்தது, எத்தனை காரட் என்பது தெரிந்துவிடும்.

முத்திரை இல்லாத பழைய நகையையும் பிஐஎஸ் அங்கீகரித்த மையத்தில் யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். நான்கு நகைகள் வரை கட்டணம் 200 ரூபாய், வரி தனி. அங்கே முதலில் எக்ஸ்-ரே கருவியில் வைப்பார்கள். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். துல்லியமான முடிவுக்கு நகையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, வெள்ளியும் ஈயமும் சேர்த்து உலையில் உருக்கி, நைட்ரிக்கில் வெள்ளியைப் பிரித்து, மிஞ்சிய தங்கத்தை எடை போடுவார்கள். அதே ஆசிட்தான், பயிற்சி பெற்ற கையும், புகைபோக்கியும், நுண்தராசும் அங்கே கூடுதலாக இருக்கின்றன.

ஹால்மார்க் நகையில் மாற்று குறைவு என்று தெரியவந்தால், அந்தக் குறைவின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குச் சேர வேண்டும் என்று பிஐஎஸ் விதிகள் 2018 சொல்கின்றன. அதைக் கேட்டுப் பெற ரசீது வேண்டும். அதனால் அடுத்த முறை நகை வாங்கும்போது எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் மூன்றும் தனித்தனியே எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள். பழைய நகையில் சந்தேகம் இருந்தால், ஆசிட் குப்பிக்குச் செலவிடும் பணத்தை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள மையத்துக்குப் போங்கள்.