லுங்கி காட்டாத அளவு

குமாரபாளையத்து விசைத்தறிப் பட்டறைக்குள் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டும். தறி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கையும் காலும் குச்சி. "எடை 62 கிலோதானுங்க, எனக்கு எப்படிங்க சர்க்கரை வந்துச்சு?" என்று கத்தினார். லுங்கியைத் தொப்புளுக்கு நாலு விரல் கீழே இறக்கிக் கட்டியிருந்தார்.

பேன்ட் போடுகிறவருக்குப் பொத்தானாவது சொல்லிவிடும். லுங்கிக்கு அளவே கிடையாது. தொப்பை வளர வளர முடிச்சு கீழே இறங்கிக்கொண்டே போகும். பக்கத்துத் தையற்கடையில் டேப் வாங்கிவந்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் அளந்தோம். 96 சென்டிமீட்டர். நம்மைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு வரம்பு 90, பெண்களுக்கு 80.

கறிக்கடையில் ஆட்டு வயிற்றைத் திறக்கும்போது, குடலைப் போர்த்தியபடி வெள்ளை வலை மாதிரி ஒரு கொழுப்பு இருக்குமே, நம் வயிற்றுக்குள்ளும் அதுபோல் ஒன்று உண்டு. இடுப்பைக் கிள்ளினால் கையில் வருவது தோலடிக் கொழுப்பு; அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். உள்ளே இருப்பது அப்படிச் சும்மா இருக்காது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வடியும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கொழுப்பு அமிலங்கள் வந்து குவிய, கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்க மறுக்கிறது. தேவையில்லாதபோதும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஏற்றுகிறது. கூடவே அழற்சியைத் தூண்டும் பொருள்களும் அந்தக் கொழுப்பிலிருந்து சுரக்கின்றன. இதில் எதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் நடக்கிறது.

2004இல் அமெரிக்காவில் 15 பருமனான பெண்களுக்குத் தோலடிக் கொழுப்பைச் சுமார் 10 கிலோ உறிஞ்சி எடுத்தார்கள். இன்சுலின் வேலை செய்வதில் ஒரு முன்னேற்றமும் இல்லை. குற்றவாளி தோலடிக் கொழுப்பு அல்ல என்பதற்கு எனக்கு இதைவிட அழுத்தமான சான்று தெரியாது.

அதே 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர்கள் ஒல்லியாக இருந்தே கொழுப்பைச் சுமக்கிறார்கள் என்பதை இரண்டே பேரை வைத்துக் காட்டிவிட்டார்கள்.

இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பின் குறைவு. இந்த ஐந்தில் மூன்று வரம்பு மீறினால் அதுதான் வளர்சிதை மாற்றக் கோளாறு. தறிக்காரருக்கு இரண்டு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மீதி மூன்றையும் பார்த்துவிடச் சொன்னேன். நல்ல செய்தியும் ஒன்று சொன்னேன்: வேகமாக நடக்கத் தொடங்கினால், எடை குறையாவிட்டாலும் உள்கொழுப்பு கரையும்.

தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வந்தார். "எனக்கு எத்தனை இருக்கோணுங்க?"

"எண்பதுங்க."

டேப்பை வாங்கிக்கொண்டு பாவு நூல் பீம்களுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து, 88இல் அழுத்திப் பிடித்திருந்த கட்டைவிரலை எடுக்காமலே கணவரிடம் காட்டினார்.

(தொடரும்)