வீட்டுக்கு ஒரு வாட்டர் ஒர்க்ஸ்

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்தைத் தாண்டினால் முற்றம், முற்றத்தைத் தாண்டினால் கிணற்றடி. உறை இறக்கிய கிணறு, ராட்டினம், தாம்புக்கயிறு, பக்கத்தில் தோய்க்கிற கல். கடலோர மணல் என்பதால் பதினைந்து, இருபது அடியிலேயே தண்ணீர் தெரியும். கயிறு அறுந்து குடம் உள்ளே போய்விட்டால் தெருவில் யாராவது ஒருவர் வீட்டில் பாதாளக் கரண்டி இருக்கும். சில வீடுகளில் அதைச் சும்மா தர மாட்டார்கள்; ஈடாக ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு எடுத்துப் போக வேண்டும். கோடையில் ஆள் இறக்கித் தூர் வாருவார்கள். நீர் கலங்கலாக இருந்தால் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். விடிவதற்குள் வண்டல் அடியில் தங்கிவிடும்.

இதைச் சொல்லும்போது ஓர் ஏக்கம் தொற்றிக்கொள்ளும். அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது. அதே கொல்லையின் மறு கோடியில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. தண்ணீரைத் தாராளமாகத் தருகிற மணல், கழிவையும் அதே தாராளத்தோடு கிணற்றுக்குள் விடும். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று நம்பிய காலம். வாந்திபேதி வந்த வருஷத்தில் அந்த நம்பிக்கைக்கு எத்தனை வீடுகள் விலை கொடுத்தன என்பதைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நல்ல தண்ணீருக்கு நகரம் எடுத்த முயற்சிகளும் எல்லோருக்குமாகத் தொடங்கவில்லை. 1772-ல் ஏழு கிணறு திட்டம் வந்தது கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர்களுக்காக. நூறு வருஷம் கழித்து, 1872-ல், செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கம் வரை தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஆனால் வடிகட்டவில்லை. மெதுவாக வடியும் மணல் வடிகட்டிகள் கீழ்ப்பாக்கத்தில் வேலை செய்யத் தொடங்கியது 1914-ல். அதன் பிறகுதான் குழாய்த் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட நம்பகமானது என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் வந்தது. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

தி.நகரின் கதை வேறு. மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் தொட்டுக்கொண்டு கிடந்த நெடிய ஏரியை 1920-களில் வடித்துவிட்டுத்தான் அந்தக் குடியிருப்பையே உருவாக்கினார்கள். ஏரி போய், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. ஏரியின் மேல் வீடு கட்டிக்கொண்டு லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்து காத்திருக்கும் விநோதம் உலகத்தில் வேறு எங்கெல்லாம் உண்டோ!

சுமார் ஒரு தலைமுறைக்காலம் ஏற்பாடு இப்படி இருந்தது: கிணறு புழக்கத்துக்கு, கார்ப்பரேஷன் குழாய் குடிக்க. குழாயில் வேட்டித் துணியைக் கட்டிப் பிடித்தால் போதும் என்பார்கள். தண்ணீரின் தரம் கீழ்ப்பாக்கத்து இன்ஜினீயரின் தலைவலி. வீட்டுக்காரருடைய வேலை குடத்தைக் கழுவி வைப்பதோடு முடிந்தது.

பிறகு நகரம் பெருத்தது, குழாயில் வேகம் குறைந்தது. மூன்றடி உயரத்தில் இருந்த குழாயைத் தரைமட்டத்துக்கு இறக்கினார்கள். அதுவும் போதாமல் பள்ளம் தோண்டிக் குழாயை உள்ளே வைத்துக் குனிந்து பிடித்தார்கள். அடி பம்ப் வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடித்துத் தோள்பட்டை போனவர்கள் அடையாறிலும் உண்டு, அயோத்தியா குப்பத்திலும் உண்டு. 1978-ல் மெட்ரோ வாட்டர் வாரியம் பிறந்தது. தனி வீடுகள் ஃபிளாட்டுகளாக மாறின. ஃபிளாட்டோடு சேர்ந்து வந்ததுதான் சம்ப்: கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் ஒரு சிமென்ட் தொட்டி, அதற்கு ஒரு இரும்பு மூடி. 1993, 2003-04, 2019 என்று வறட்சி ஒவ்வொன்றும் சம்பைப் பெரிதாக்கியது, போர் கிணற்றை ஆழமாக்கியது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

இந்த நாற்பது வருஷத்தில் சத்தமில்லாமல் நடந்த மாற்றம் இதுதான். கீழ்ப்பாக்கத்தில் நடந்த வேலையில் பாதி நம் வாசலுக்குள் வந்துவிட்டது. தேக்குவது, ஏற்றுவது, வடிகட்டுவது எல்லாம் வீட்டுக்குள். வீட்டுக்கு ஒரு வாட்டர் ஒர்க்ஸ் ஆகிவிட்டது. அதற்கு இன்ஜினீயர் மட்டும் யாரும் கிடையாது. வாட்ச்மேன் மோட்டார் போடுகிறார், அவ்வளவுதான்.

அரசின் பக்கம் தண்ணீர் முன்னைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன். வீராணம் ஏரித் தண்ணீர் 2004-ல் வந்தது. நெம்மேலியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-லும், 15 கோடி லிட்டர் ஆலை 2024-லும் தொடங்கின. தென் சென்னை குடிப்பதில் ஒரு பங்கு இன்று கடல் தண்ணீர். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பும்போது அது நல்ல தண்ணீர்தான். வழியில்தான் வினை.

குழாயில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் ஓடினால் உள்ளிருக்கும் அழுத்தமே கசிவை வெளியே தள்ளும். நம் ஊரில் சில மணி நேரம்தான் விடுகிறார்கள். மீதி நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கும். அதே சந்தில், சில இடங்களில் கை அகல இடைவெளியில், சாக்கடைக் குழாயும் போகிறது. இரண்டுக்கும் வயதாகிவிட்டது. விரிசல் வழியாகக் கழிவு உள்ளே இறங்கி அடுத்த சப்ளையில் முதல் ஆளாக உங்கள் சம்புக்கு வந்து சேரும். இந்த அழகில் மெட்ரோ வாட்டர் இணைப்பிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவர்கள் வேறு. அது சட்டப்படி கூடாது என்பது தெரியும். நாம் உறிஞ்சுவது அடுத்த வீட்டுத் தண்ணீரை மட்டுமல்ல, மண்ணில் தேங்கிய சாக்கடையையும்தான் என்பது பலருக்குத் தெரியாது.

காலராவெல்லாம் பாட்டி காலத்தோடு போயிற்று என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1992-ன் பிற்பகுதியில், அதுவரை உலகம் பார்த்திராத ஓ139 என்ற புதுக் காலரா வகை தலைகாட்டியது இதே சென்னையில்தான். அங்கிருந்து வங்காளத்துக்குப் போய்ப் பெரிய கொள்ளைநோயானது.

சம்புக்கு வந்த தண்ணீரின் காவலன் குளோரின். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சம்பில் ஒரு நாள், மொட்டைமாடி வெயிலில் கறுப்புத் தொட்டிக்குள் ஒரு நாள் கிடந்தால் அந்தக் கொஞ்சமும் ஆவியாகிவிடும். மந்தைவெளியில் ஒரு பிளம்பர் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “மாமி, டேங்க் எப்போ கழுவினது?” என்று கேட்டார். போன தீபாவளிக்கா, அதற்கு முந்தினதுக்கா என்று மாமியும் மாமாவும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அவர் அடிவண்டலை ஒரு கை அள்ளி வெளியே வைத்தார். காபிப்பொடி நிறம். அதில் ஒரு பல்லி எலும்பு.

அடுத்தது ஆர்.ஓ. என்கிற சுத்திகரிப்பு மெஷின். அதை விற்க வருகிற இளைஞரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு டம்ளரில் தண்ணீர்: ஒன்றில் உங்கள் குழாயிலிருந்து, மற்றதில் அவருடைய மெஷினிலிருந்து. கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் நட்டுப் பிளக்கில் சொருகுவார். ஒரு நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, கறுத்துக் குழம்பும். “பாருங்க மேடம், இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கறீங்க.” அது தண்ணீரின் அழுக்கில்லை, கம்பியின் இரும்பு. உப்பு கரைந்த நீரில் மின்சாரம் பாயும், கம்பி அரித்துக் கரையும். ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் ஒன்றும் பெரிதாக நடக்காது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி சொருகச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும்.

கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான். அது உப்பை அளக்கும், கிருமியை அளக்காது. இளநீரில் நனைத்தால் ஆயிரக்கணக்கில் ஓடும். பெசன்ட் நகர் போன்ற இடங்களின் உப்பேறிய போர் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவைதான். டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருக்கும் மெட்ரோ வாட்டருக்கு அது வீண். 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அப்படிப்பட்ட இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொன்னது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மெஷின் கடைசிச் சொட்டுக் குளோரினையும் எடுத்துவிடுவதால் அதனுள்ளே இருக்கும் சிறு தொட்டியைப் பராமரிக்காவிட்டால் கிருமிக்கு அது நல்ல இடம். இருபது லிட்டர் கேனும் விதிவிலக்கல்ல. வெயிலில் திறந்த வண்டியில் சுற்றி, உள்ளே பாசி படிந்து வருகிற கேனை நாம் முத்திரை பார்க்காமல்தான் வாங்குகிறோம்.

சேமித்த தண்ணீரோடு கொசுவும் குடியேறியது. சென்னையில் மலேரியா பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. மேல் தொட்டி, கிணறு போன்ற நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். டெங்குக் கொசுவுக்கு டிரம்மே போதும்.

உயிர் போகிற விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கிணறு ஆபத்தானதுதான், ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. குழந்தை எட்டிப் பார்த்தால் நாலு பேர் அதட்டுவார்கள். சம்ப் தரையோடு தரையாக இருக்கிறது. துருப்பிடித்த மூடி, கொக்கி உடைந்த மூடி, லாரித் தண்ணீர் வந்ததும் மூட மறந்த மூடி. வாரிசுகள் விற்ற பழைய வீட்டின் கிணற்றைத் தூர்க்காமல் வெறும் பலகைக் கல்லால் மூடி அதன் மேல் கார் நிறுத்துகிற ஃபிளாட்டுகளும் உண்டு.

மூடியே கிடந்த சம்பில் காற்று கெட்டிருக்கும். கழுவ இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்றக் குதித்த இரண்டாவது ஆளும், மூன்றாவது ஆளும் விழுவார்கள். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ஊர்ப் பெயர் மட்டும் மாறி மாறி வருகிற செய்தி இது. அடித்தண்ணீரை இறைக்கப் பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கினால் அதன் புகையே கொல்லும். தூர் வார இறங்குமுன் விளக்கை விட்டுப் பார்த்த பழைய ஆட்களுக்கு இருந்த பயம் நம் அசோசியேஷன்களுக்கு இல்லை. ஈரக் கையோடு தட்டுகிற மோட்டார் சுவிட்ச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; எர்த் கசிவைப் பிடிக்கும் 30 மில்லிஆம்பியர் டிரிப் சுவிட்ச் வைக்காத மோட்டார் அறைகள் இன்னும் ஏராளம்.

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வெள்ளமும் சாக்கடையும் சேர்ந்து சம்புக்குள் இறங்கின. அன்று எல்லோரும் பிளீச்சிங் பவுடர் தேடினார்கள், கழுவினார்கள், கொதிக்க வைத்துக் குடித்தார்கள். வெள்ளம் வடிந்ததும் பழக்கமும் வடிந்தது.

அசோசியேஷன் கூட்டத்தில் பெயின்ட் நிறத்துக்கு ஒரு மணி நேரம் விவாதிக்கிறவர்கள் இதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்கலாம். சம்ப் மூடிக்கு இன்றே ஒரு பூட்டு. சப்ளை வந்ததும் முதல் ஐந்து நிமிஷத் தண்ணீரைச் சம்பில் விடாமல் வெளியே விடுங்கள். தொட்டி கழுவிய தேதியைச் சுவரிலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். கழுவ ஆள் இறங்குமுன் எல்லா மூடிகளையும் திறந்து ஃபேன் வைத்துக் காற்றோட்டம் விடுங்கள். மேலே ஒருவர் நிற்கட்டும். உள்ளே யாராவது சாய்ந்தால் யாரும் குதிக்க வேண்டாம், தீயணைப்புப் படையை 101-ல் கூப்பிடுங்கள். தண்ணீரில் நாற்றம் வந்தால் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள், மெட்ரோ வாட்டருக்கு 1916-ல் சொல்லுங்கள். ஒரு வீடு சொன்னால் அவர்கள் உங்கள் வீட்டுக் குழாயைப் பார்ப்பார்கள். தெருவே சொன்னால் தெருவைத் தோண்டியாக வேண்டும்.